‘மங்கினால்’ அன்று, ‘மங்குமுன்’: நீரிழிவுக் கண்நோய் பற்றிய நம் அறிவுரைத் தமிழ்

நோயாளிக்கென்று எழுதப்படும் துண்டறிக்கையை எவரும் இலக்கியமாகக் கொள்வதில்லை. கவிதையையும் நாடகத்தையும் நாவலையும் திறனாயும் நம் புலவர்கள், கிளினிக்கு வாயிலில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் நான்கு பக்கத் தாளை எடுத்து அதன் சொல்லும் பொருளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதில்லை. ஆயினும் நூலில் பிழையிருந்தால் சுவை கெடும். துண்டறிக்கையில் பிழையிருந்தால் கண் கெடும். ஆதலின் இவ்வாரம் அத்தகைய தாள்களின் தமிழை ஆராயத் துணிகின்றேன். நான் மருத்துவனல்லன், முப்பது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். என் ஆராய்ச்சி மொழியைப் பற்றியதே.

இது நமக்குப் பொருந்தாத செய்தியென்று ஒதுக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி இந்நாட்டில் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எண்ணியபோது அது 31.4 விழுக்காடாயிற்று. நோயுடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோயிருப்பதையே அறியாதவர்கள். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆகக் குறைந்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் நம் திருமண மண்டபத்திலோ கோயில் பந்தியிலோ அமர்ந்திருப்போரை எண்ணிப் பார்த்தால், நோய் நம் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்பது விளங்கும். 2007-இல் நம் நாட்டின் நீரிழிவுக் கண்நோய்ப் பதிவேட்டில் இடம்பெற்ற 10,856 நோயாளிகளுள் 36.8 விழுக்காட்டினர்க்கு விழித்திரையில் பாதிப்புக் காணப்பட்டது.

இனி, என் ஆராய்ச்சிக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகின்றேன். அது என் பிழையும் ஆகும்.

எங்கள் தோட்டத்தில் முன்பு பால்மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் உள்ளார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பழைய லயத்தை விட்டுப் போகாதவர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்கு இனிப்பு நீர். பேரனைப் பள்ளியில் விட வந்தவர் ஒருநாள் கிளினிக்கில் கொடுத்த தமிழ்த் தாளை என்னிடம் நீட்டி, “படிச்சுச் சொல்லுங்க வாத்தியாரையா” என்றார். படித்தேன். முதற் பக்கத்தில் நோயின் இலக்கணம். இரண்டாம் பக்கத்தில் நோயின் வகைகள். மூன்றாம் பக்கத்தில் ‘பார்வை மங்கினாலோ, கண்முன் கரும்புள்ளிகள் தோன்றினாலோ உடனே மருத்துவரை அணுகவும்’ என்ற வரி, தடித்த எழுத்தில். ஆண்டுதோறும் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில்.

பெரியவர் சிரித்தார். “எனக்கு ஒண்ணும் மங்கலையே, வாத்தியாரையா! இன்னைக்கும் ஊசியில நூல் நானேதான் கோக்கிறேன்.” நானும் சிரித்து, “நல்லது, மங்கினால் உடனே போய்விடுங்கள்” என்றேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. கடைசிப் பக்கத்தை நான் படிக்கவேயில்லை.

ஏறத்தாழ ஈராண்டு கழித்து ஒரு விடியற்காலையில் அவருடைய வலக்கண்ணுக்குள் சிலந்தி வலை பின்னியது போலிருந்ததாம். நண்பகலுக்குள் அக்கண் இருண்டுவிட்டது. ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். இரு கண்களிலும் நோய் பல ஆண்டுகளாக வளர்ந்து வந்திருந்தது. இடக்கண்ணைக் காத்துவிட்டார்கள். வலக்கண்ணில் இன்று வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. ஊசியில் நூல் கோத்த நாளிலேயே அக்கண்ணுக்குள் நோய் இருந்தது. “மங்கினால் போங்கள்” என்று நான் சொன்னேன்; அவரும் அவ்வாறே மங்கிய பிறகு போனார். என் சொல்லை அவர் மீறவில்லை.

எச்சம் செய்த தீங்கு

‘மங்கினால்’ என்பது எதிர்காலம் காட்டும் வினையெச்சம். நன்னூலார் வகுத்த ‘செயின்’ வாய்பாட்டின் பாற்படுவது. ஒன்று நிகழ்வதை மற்றொன்று நிகழ்வதற்கு நிபந்தனையாக்குவது அதன் தொழில். ஏட்டில் அதற்கு அவ்வளவே பொருள். வழக்கிலோ கேட்பவர் அதன் எதிர்மறையையும் சேர்த்தே பொருள் கொள்வர். “மழை பெய்தால் நாளை வேலையில்லை” என்று கங்காணி சொன்னால், மழை பெய்யாவிட்டால் வேலை உண்டு என்றே தோட்டத்தார் அறிவர். அவ்வாறே ‘மங்கினால் வருக’ என்பதற்கு, ‘மங்காவிட்டால் வரவேண்டியதில்லை’ என்று அவர்கள் பொருள் கொண்டனர். இது அவர்தம் அறியாமையன்று. மொழியை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டனர். எழுதியவரே மொழியின் இயல்பை மறந்தார்.

பிற நோய்களுக்கு இவ்வாறு எழுதினால் பெருந்தீங்கு நேராதிருக்கலாம். காய்ச்சலுக்கு உடல் சுடும், புண் வலிக்கும். உடலே தூதனுப்பும். நீரிழிவுக் கண்நோயோ நெடுங்காலம் தூதனுப்பாத நோய். கண்ணின் பின்புறத்தே அமைந்துள்ள விழித்திரையில் மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் பரவியுள்ளன. குருதியில் சர்க்கரை நெடுநாள் மிகுந்து நின்றால் அக்குழாய்களின் சுவர் தளர்ந்து, சிறு குமிழ்போலப் புடைத்துக் கசியும், சில அடைபடும். அடைபட்ட பகுதி உணவின்றி வாடும்போது புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை; ஒருநாள் உடைந்து கண்ணினுள்ளே குருதி கொட்டும். அவற்றோடு வளரும் வடு சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுக்கவும் கூடும். விழித்திரையின் நடுவிடத்தே கசிவு ஏற்பட்டால் அவ்விடம் வீங்கி எழுத்துகள் மங்கும். இவற்றுள் தொடக்க நிலைகளில் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. பெரும்பாலும் மங்கலும் இல்லை.

தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. பால்மரத்துக்கு வெள்ளை வேர்நோய் என்றொரு நோய் உண்டு. இலை பசுமையாகவே நிற்கும். அடியில் வேர் அழுகிக்கொண்டிருக்கும். இலை வெளுத்த பிறகு மரத்தைக் காப்பது அரிது. ஆதலால் பராமரிப்புள்ள தோட்டங்களில் இலை வாடும் வரை காத்திராமல், முறைவைத்து இளமரங்களின் அடிமண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். நம் பெரியவர் அத்தொழிலை அறிந்தவர். ‘கண்ணுக்கும் வேர்நோய் உண்டு, இலை வாடுமுன் அடியைப் பார்க்க வேண்டும்’ என்று எவரேனும் எழுதியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

தன்னைத்தவிர அனைத்தையும் காண்பது கண். அதன் உட்புறத்தைப் பிறர் காணும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் 1851-இல் உலகுக்கு அறிவித்தார். இன்று அப்பணியைப் படக்கருவி செய்கின்றது. ஆக, இந்நோயில் அறிகுறிக்கு முன்பே வந்து சேர வேண்டியது சொல். அச்சொல் ‘மங்கினால்’ என்று அறிகுறிக்குப் பின்னால் நிற்குமாயின் அதனால் பயனில்லை. தொல்காப்பியர் வினையெச்ச ஈறுகளுள் ‘முன்’ என்பதனையும் சேர்த்தே எண்ணினார். நமக்கு வேண்டிய ஈறு அதுவே: ‘மங்குமுன்’.

கரும்புள்ளி, நூலிழை, திடீர் இருள் ஆகிய அறிகுறிகளைச் சொல்லவே கூடாதா என்று சிலர் வினவலாம். சொல்ல வேண்டும், அவை தோன்றினால் அன்றே ஓட வேண்டும். ஆனால் அது இறுதி வரியில் வர வேண்டிய செய்தி. தலைப்பில் வர வேண்டியது, ‘நன்றாகத் தெரியும்போதே போக வேண்டும்’ என்பதே.

பெயர்கள் காட்டாத உறுப்பு

அடுத்து, நோயின் பெயரை நோக்குவோம். சித்த மருத்துவம் வழங்கும் பெயர் நீரிழிவு. யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பர். தமிழகத்தில் சர்க்கரை நோய் என்பர். நாமோ மலாய்க்காரர் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பதனைத் தழுவி இனிப்பு நீர் என்கின்றோம். இவை யாவும் சிறுநீரையோ இனிப்பையோ சுட்டுவன. குருதிக் குழாயைச் சுட்டும் பெயர் ஒன்றுமில்லை. ஆகவே ‘தேநீரில் சீனி போடுவதை நிறுத்திவிட்டேன், நோய் நின்றுவிட்டது’ என்று சொல்வாரைக் காண்கின்றோம். சிறுநீரில் தோன்றும் நோய் கண்ணுக்கு எப்படி ஏறும் என்று அவர் ஐயுறுவதில் வியப்பில்லை. பெயரை மாற்ற நம்மால் இயலாது; மாற்றவும் வேண்டா. மக்கள் வழங்கும் ‘இனிப்பு நீர்’ என்பதனையே எழுதி, அடுத்த வரியில் ‘இது உடல் முழுதும் ஓடும் சிறு குருதிக் குழாய்களைக் கெடுக்கும் நோய், அத்தகைய குழாய்கள் கண்ணில் மிகுதி’ என்று சேர்த்தால் போதும். இரத்த அழுத்தத்தையும் அங்கேயே சொல்லலாம். இரண்டாம் வகை நீரிழிவினரை நெடுநாள் தொடர்ந்து ஆராய்ந்து 1998-இல் வெளியான பிரிட்டானிய ஆய்வு, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் சிறு குழாய்க் கேடுகளைக் குறைப்பதனைக் காட்டிற்று.

இதனினும் நுட்பமான குழப்பம் ‘விழித்திரை’ என்னும் சொல்லில் உள்ளது. பாடநூலுக்கு அது நல்ல சொல். காட்சி விழும் திரை என்பது அதன் கருத்து. ஆனால் நம் முதியோர் பேச்சில், ‘கண்ணில் திரை விழுந்துவிட்டது’ என்றால் கண்புரை என்று பொருள். எனவே ‘விழித்திரை பாதிப்பு’ என்று படிக்கக் கேட்டவர், ‘புரைதானே, முற்றட்டும், அறுத்துக்கொள்ளலாம்’ என்று காத்திருக்கின்றார். புரையைப் பொறுத்தவரை காத்திருந்தவர்க்குப் பார்வை பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இந்நோயில் காத்திருந்தவர்க்கு அது திரும்பாமலே போகலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குழப்பினால் விளைவு என்னாகும்?

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்கள் பலருக்கு நினைவிருக்கும். படக்கருவியின் கண்ணாடி அழுக்கேறினால் படம் மங்கும், கண்ணாடியை மாற்றிவிடலாம். அது புரை. துணியே நைந்து கிழிந்தால் கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கண்ணுக்கோ மாற்றுத் துணியும் இல்லை. அதுவே நீரிழிவுக் கண்நோய். மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவது கண் சோதனை ஆகாது என்பதனையும் இவ்வுவமை தானே விளக்கிவிடும்.

தமிழில் மருத்துவத்தைச் சொல்ல இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணமே விடை. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர்க்கு எதிரே அமர்ந்திருந்தோர் மாணவர். ஐயம் வந்தால் கேட்பார்கள். துண்டறிக்கைக்கு எதிரே அமர்ந்திருப்பவரோ எழுபது வயதுத் தொழிலாளி. அவர் கேட்கமாட்டார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். கலைச்சொல் வேறு, அறிவுரைச் சொல் வேறு என்பதனை நம் மொழிபெயர்ப்பாளர் உணர்தல் வேண்டும்.

அச்சமும் மௌனமும்

சில தாள்கள் ‘குருடாகிவிடுவீர்’ என்று பெரிய எழுத்தில் மிரட்டுகின்றன. மிரண்டவன் மருத்துவரிடம் போவான் என்பது எழுதியவர் எண்ணம். நான் கண்டது வேறு. மிரண்டவன் ஒளிந்துகொள்வான், ‘பார்த்தால்தானே நோய், பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை’ என்பான், அல்லது ‘தலையெழுத்து’ என்று அமைதியடைவான். அச்சத்தை ஊட்டுவோர் அதனோடு நம்பிக்கையையும் ஊட்ட வேண்டும். நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமலில்லை. புதுக் குழாய்கள் முளைத்த கண்களுக்கு ஒளிக்கதிர் மருத்துவம் செய்தால் கடும் பார்வையிழப்புப் பாதிக்கு மேல் குறைகின்றது என்பதனை அமெரிக்க ஆய்வு ஒன்று 1976-இலேயே நிறுவியது. இன்று லேசரோடு கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் உள்ளது. இங்கிலாந்தில் 2003 முதல் நீரிழிவினர் அனைவரையும் அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் முறை தொடங்கிற்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் உழைக்கும் வயதினர் பார்வையிழப்பதற்கு முதற் காரணமாக ஐம்பது ஆண்டுகளாவது நின்ற இந்நோய், அவ்விடத்தை இழந்துவிட்டதாக 2014-இல் ஆய்வாளர் அறிவித்தனர். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் படக்கருவியை வண்டியிலேற்றி ஊர்களுக்கு அனுப்பிற்று. நம் நாட்டிலும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் இப்படக்கருவிகள் உள்ளன. மிரட்டும் வரிக்குப் பதிலாக இச்செய்திகளுள் ஒன்றை அச்சிட்டிருக்கலாம்.

மிரட்டுதல் ஒரு குற்றமென்றால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமை மற்றொரு குற்றம். சோதனைக்கு முன் கண்ணின் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவதுண்டு. சில மணி நேரம் எழுத்துத் தெரியாது, வெயில் கூசும், மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது. பிறகு தானே சரியாகும். நான் பார்த்த தாள்கள் எவற்றிலும் இது இல்லை. அதன் விளைவையும் கண்டேன். எங்கள் பக்கத்து அம்மையார் ஒருவர் துணையின்றிச் சோதனைக்குப் போய், பேருந்தின் எண் தெரியாமல் தடுமாறி வீடு வந்து, ‘மருந்து ஊத்திக் கண்ணைக் கெடுத்துட்டாங்க’ என்றார். மறுநாள் காலையில் அவருக்குப் பார்வை தெளிந்துவிட்டது; ஆனால் அச்சொல் அதற்குள் லயம் முழுதும் பரவிவிட்டது. அவ்வாண்டு அந்த வரிசையிலிருந்து வேறு எவரும் சோதனைக்குப் போகவில்லை. ஒரு வரியை அச்சிடாததன் விலை அது.

எவ்வாறு எழுதலாம்?

குறை கூறியவன் திருத்தியும் காட்ட வேண்டும் என்பது எங்கள் பயிற்சிக் கல்லூரியில் கற்ற பாடம். ஆதலின் என் சிற்றறிவுக்கு எட்டியவாறு எழுதிப் பார்க்கின்றேன்:

‘உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறதா? இந்த ஆண்டு கண்ணுக்குள் படம் எடுத்தாகிவிட்டதா? இல்லையென்றால் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போதே கேளுங்கள். கண் நன்றாகத் தெரியும்போதே போக வேண்டும். இந்த நோய் வலிக்காது, முதலில் மங்காது. இது புரை அல்ல. கண்ணாடி மாற்றினால் தீராது. முன்னரே கண்டால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும், பிறகு தெளியும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வையுங்கள். கண்ணுக்குள் திடீரென்று கரும்புள்ளியோ நூலோ இருளோ தோன்றினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.’

இதில் கலைச்சொல் ஒன்றும் இல்லை. கேள்வியில் தொடங்குகின்றது, செயலை முதலில் வைக்கின்றது, நோயின் இலக்கணத்தைத் தேவையான அளவே சொல்கின்றது, அறிகுறியைக் கடைசியில் வைக்கின்றது. இரண்டாம் வகை நீரிழிவென்று அறிந்த அன்றே முதற் சோதனை வேண்டும் என்பதனையும் தாளின் தலைப்பில் சேர்க்கலாம். முற்கூறிய பிரிட்டானிய ஆய்வில் சேர்ந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேல் நோய் அறியப்பட்டபோதே விழித்திரையில் மாற்றம் இருந்தது. கருவுற்ற நீரிழிவுப் பெண்களுக்குத் தனியே ஒரு வரி வேண்டும்; பேறுகாலத்தில் இந்நோய் விரைந்து வளரக்கூடும்.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது நோயாளியை முதலில் வைத்தார். மருத்துவரை அடுத்து வைத்தார். அருகிருந்து உதவுவோனையும் மறவாமல் சேர்த்தார். நம் அறிக்கைகள் மருத்துவரில் தொடங்கி மருத்துவரில் முடிகின்றன. நோயாளியில் தொடங்கினால் நடையும் சொல்லும் தாமே மாறும். நான்காம் கூறாகிய உதவுவோன் இடம் நம்முடையது. பேராக்கில் மட்டும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் வாயிலில் காலையும் நண்பகலும் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தாத்தா பாட்டிமாரைவிட இச்செய்திக்கு உரியவர் யார்? நாளை அவர்களுள் ஒருவர் தாளொன்றை நீட்டினால், ஆசிரிய நண்பர்களே, கடைசிப் பக்கத்தையும் படித்துச் சொல்லுங்கள். மணி அடித்தாலும் படித்துச் சொல்லுங்கள்.

எங்கள் பெரியவர் இன்றும் பள்ளி வாயிலுக்கு வருகின்றார். இப்போது பேரன்தான் அவர் கையைப் பிடித்து அழைத்து வருகின்றான். எவரைக் கண்டாலும் நலம் விசாரிக்கும் முன் அவர் கேட்பது ஒன்றே: “கண்ணு படம் எடுத்தாச்சா?” மூன்றே சொற்கள். மிரட்டல் இல்லை, கலைச்சொல் இல்லை, ‘மங்கினால்’ என்னும் எச்சமும் இல்லை. நான் படித்த எல்லாத் தாள்களையும் அவ்வொரு வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அதுவே சிறந்தது. அதனைச் சொல்லத் தெரிவதற்கு அவர் ஒரு கண்ணைக் கொடுக்க நேர்ந்தது என்பதே என்னை வாட்டுகின்றது.